நான்காவது மோதகம்

மூன்றாவது மோதகம் தட்டில் வந்து விழுந்தபோது, சிவக்கொழுந்தரின் வயிறு முதலாவதையே இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.

"சாப்பிடுங்கோ அண்ணை, கூச்சப்படாதேங்கோ" என்றார் பெண்ணின் தகப்பனார் கேதீஸ்வரன்.

மகனுக்குப் பெண் பார்க்க, யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து பக்கத்துத் திருநெல்வேலிக்கு வந்த இடம். வைத்த பலகாரத்தை உண்டு முடித்தால் சம்மதம். மிச்சம் வைத்து எழுந்தால் சம்பந்தம் முறிந்தது. இப்படியொரு நியாயத்தை எந்தப் புண்ணியவான் வகுத்தானோ, அவனுக்கு நீரிழிவு இருந்திருக்கவே முடியாது.

சிவக்கொழுந்தருக்கு இருந்தது.

"சாப்பாடு இறங்கினவுடனை, குடல் ஓமோன் எண்ட ஒரு சுரப்பை விட்டு, 'சீனி வருகுது, இன்சுலினை விடு' எண்டு கணையத்துக்குச் சொல்லும். உங்களுக்கு அந்தச் சொல் எடுபடுகுதில்லை. இந்த ஊசி குடலுக்காகக் கதைக்கும்" என்று விளக்கி, கிழமைக்கு ஒன்றாக, ஏழு நாளுக்கு ஒருமுறை போடும்படி எழுதிக் கொடுத்திருந்தார் டொக்டர். "வயிறு மெல்லத்தான் காலியாகும். கூடச் சாப்பிட்டால் சத்தி வரும், திண்டதெல்லாம் வெளியிலை வந்திடும், கவனம்!"

உண்மையைச் சொல்லலாம்தான். சொன்ன பாவத்துக்கு, போன மாதம் ஒரு வீட்டார், "பரம்பரை வருத்தம், பிள்ளையளுக்கும் வரும்" என்று படலையைச் சாத்திவிட்டார்கள். மகன் மயூரதனோ, இந்த வீட்டுப் பெண் தயாளினி இல்லையென்றால் கலியாணமே வேண்டாமென்று நிற்கிறான்.

"குணம், நீ ஒண்டை எடன்" என்று மனைவியின் காதில் கெஞ்சினார்.

"நான் விரதம் எண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே?"

"படலையடியிலை நிண்டு, 'நல்ல பசியோடை வாறன்' எண்டு பெரிசாய்ச் சொன்னது ஆர்?"

கேதீஸ்வரன் திரும்பிய கணத்தில், இரண்டு மோதகங்களைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் செலுத்தினார் சிவக்கொழுந்தர். வெறுந்தட்டைக் கண்ட கேதீஸ்வரனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"சாப்பாடெண்டால் இதெல்லோ! இஞ்சை, என்ரையையும் எடுங்கோ. நீங்கள் சாப்பிட்டால் நான் சாப்பிட்ட மாதிரி."

தமது தட்டிலிருந்து நான்காவது மோதகத்தையும் இரண்டு வடைகளையும் தள்ளிவிட்டார். சிவக்கொழுந்தர் ஒரு வடையை யன்னலுக்கு வெளியே நழுவவிட்டார். அங்கே கட்டியிருந்த ஆடு அதைத் தின்றுவிட்டு, யன்னற்கம்பிக்குள் முகத்தை நுழைத்து அடுத்ததைக் கேட்டது.

"இதென்ன, ஆடு உங்களையே பாக்குது?" என்றார் கேதீஸ்வரன்.

"பாசமான ஆடு" என்று கூறிய சிவக்கொழுந்தர், சந்தேகத்தைத் தீர்க்க வேறு வழியின்றி, நான்காவது மோதகத்தை முழுதாக வாய்க்குள் போட்டார்.

வயிறு அதைப் பொறுக்கவில்லை. பின்வளவுக்கு ஓடி, வாழை மறைவில் குனிந்தார்.

பின்னால் வந்த கேதீஸ்வரனின் முகம் வெளுத்திருந்தது. "அண்ணை, எங்கடை பிள்ளையிலை ஏதும் குறையோ?"

குறை தம் உடம்பில்தான் என்று சொல்லிவிடவே சிவக்கொழுந்தர் துணிந்தார். ஆனால், வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னே மோதகம் வந்துவிடும். கையை மாத்திரம் அசைத்தார். அதைச் சம்பந்தத்துக்கு மறுப்பென்று கொண்ட கேதீஸ்வரன், உடுப்புத் தோய்க்கிற கல்லில் அப்படியே அமர்ந்துவிட்டார்.

அந்நேரம் பார்த்து, அயல்வீட்டு லூர்த்தம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். வாழைக்குப் பின்னால் குனிந்து நின்றவரை அவள் காணவில்லை.

"கேதீஸ் அண்ணை, மாப்பிளை வீட்டார் போயிட்டினமோ? சீனி வருத்தம் தெரிஞ்சால் சம்பந்தம் குழம்பும் எண்டு எங்கடை பிரிட்ஜிலை ஒளிச்சு வைச்ச உங்கடை கிழமை ஊசியை இனியெண்டாலும் எடுங்கோவன்!"