ஆன்டெனாவுக்கு எதற்கு வால்?

விராக், கட்டாண்டுவானஸ் தீவு
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் பொலிகார்பியோ அவர்கள் சமூகத்துக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை நெனிதாவும் எங்கள் வீட்டுக் கூரையும் இந்த நிமிடம் வரை நலம். மணிலாவில் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்கவும், தங்கள் முழங்கால் வலி இறங்கவும் அன்றாடம் மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை நெனிதா ஃபோன் செய்தால் தயவுசெய்து எடுக்க வேண்டாம். ஃபோனிலேயே நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஃபோன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் உங்கள் தங்கை இருக்கிறாள். அவளையும் நான் சந்தேகப்படுகிறேன். காரணம் கீழே வருகிறது.

என் மகள், உங்கள் மருமகள் மரிவிக்கை மருத்துவச்சி வேலையில் மலைக்கு அந்தப் பக்கம், வடகரையில் டம்போங் என்ற கிராமத்தில் போட்டிருக்கிறார்கள் அல்லவா? புயல் வந்தால் முதலில் படுப்பது ஃபோன் கோபுரம்தான். அதற்கப்புறம் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருக்கிற ஒரே வழி எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கம். அவளும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிவிட்டாள். கையில் பிடிக்கிற ரேடியோ எல்லாரிடமும் ஒரே மாதிரிதான். அதன் தலையில் எந்த ஆன்டெனாவைத் திருகுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது சாமார் தீவுக்குக் கிழக்கே ஒரு புயல் உருண்டு திரண்டு வருகிறது. வியாழக்கிழமை ஜீப்னி வண்டியில் மரிவிக் போயாக வேண்டும். எந்த ஆன்டெனா என்று இன்னும் முடிவாகவில்லை. ஏன் முடிவாகவில்லை என்றால் இந்த ஊரில் ஒருத்தனும் உண்மை பேசுவதில்லை.

முதலில் சங்கத் தலைவர் மெல்சோரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு எஃகு ஆன்டெனாவைப் பரிந்துரைக்கிறார். குடைக்கம்பிபோல ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும், இழுத்தால் ஓர் ஆள் மார்பளவு நீளும், வெயிலில் பளபளக்கும். நல்ல பொருள்தான். ஆனால் அது விற்கிற கடை யாருடையது தெரியுமா? அவர் மருமகனுடையது. 'அது தற்செயல் வென்சி' என்றார். முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை பிரித்துப் பார்த்தவன் நான். தற்செயல் என்ற சொல்லை யார் எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? சொல்லிவிட்டு ஒரு டப்பா பிலிக் கொட்டை மிட்டாயும் கொடுத்தார். மிட்டாய் நன்றாக இருந்தது. சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

சரி, யாரையும் நம்ப வேண்டாம், நாமே சோதிப்போம் என்று கப்பல் துறைக்குப் போனேன். ரேடியோவோடு வந்த விரல் நீள ரப்பர் குச்சி ஒன்று, மெல்சோரின் எஃகுக் கம்பி ஒன்று, வளைத்தால் பிரம்புபோல வளைகிற கறுப்புச் சாட்டை ஒன்று, மூன்றையும் மாற்றி மாற்றித் திருகிச் சங்கத்தாரைக் கூப்பிட்டேன். எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரியாது. கூப்பிட்டவனுக்குக் கேட்டவன் இரண்டு எண் சொல்ல வேண்டும். பேச்சு எவ்வளவு தெளிவு என்று ஐந்துக்கு ஒரு எண், சிக்னல் எவ்வளவு பலம் என்று ஒன்பதுக்கு ஒரு எண். ஐந்து ஒன்பது என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல என்று அர்த்தம். ரப்பர் குச்சிக்கு என்ன சொன்னார்கள்? ஐந்து ஒன்பது. எஃகுக் கம்பிக்கு? ஐந்து ஒன்பது. சாட்டைக்கு? அதற்கும் அதேதான், கூடவே 'உங்க குரல் இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு வென்சி'. எல்லாரும் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தகப்பன். யார் முகத்தில் யார் அடித்து மூன்று நான்கு என்று சொல்வார்கள்?

இதோடு விட்டேனா, இல்லை. சங்கத்தில் சாயங்காலம் தெயோபிஸ்டா அக்கா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார், நாம் பதில் சொல்ல வேண்டும், அவர் எண் சொல்வார். அன்றைக்கு என் பெயர் வந்தபோது வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தவே இல்லை. மூச்சுகூட விடவில்லை. ஒரு கணம் பொறுத்தார். 'வென்செஸ்லாவோ, ஐந்து ஒன்பது, நன்றி' என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏன் அக்கா, நான் பேசவே இல்லையே, என்னத்தைக் கேட்டு ஐந்து ஒன்பது போட்டீங்க?"

"நீ தினமும் இருக்கிறவன்தானே தம்பி?"

"அன்னைக்கு நான் செத்துக் கிடந்திருந்தா?"

"செத்திருந்தா நெனிதா சொல்லி அனுப்பியிருப்பா. நாலு பேர் கேட்கிற இடத்துல வென்சியைக் காணோம்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? உட்காரு, காப்பி குடி."

இவர்களை நம்பித்தான் நான் பெற்ற ஒற்றைப் பெண்ணை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறேன். நாளைக்கு அவள் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினாலும் இவர்கள் ஐந்து ஒன்பது, நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். பெயர் ரோமெல். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், மலைச் சாலையின் உச்சியில் வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஆடுகிற ஒரு ஆன்டெனா. மனசில் கள்ளமில்லாதவனுக்கு இரண்டு ஆள் உயர ஆன்டெனா எதற்கு? இவன் மட்டும்தான் ஐந்து ஒன்பது சொல்லாதவன். பரீட்சைத் தாளில்கூட யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லையாம். என் ரப்பர் குச்சிக்கு 'மூணு ரெண்டு, ஐயா. பாதி புரியலை' என்றான். அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது. சரி, திமிர் பிடித்தவன் என்று விட்டுவிட்டேன். போன வாரம் பார்த்தால் அதே மாதிரி ஒரு கறுப்புச் சாட்டையை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வருகிறான். அதன் கழுத்தில் ஒரு முழ நீளத்துக்கு வயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"இது என்ன வால்?" என்றேன்.

"கையில பிடிக்கிற ரேடியோவுக்கு, சிக்னல் உதைச்சுக் கிளம்பத் தரை இல்லைங்கய்யா. காருக்குக் கூரை இருக்கு, அதுவே தரை மாதிரி. இதுக்கு ஒண்ணுமே இல்லை. இந்த வயர் தொங்கினா அதுதான் தரை. எஃகுக் கம்பிக்கு வால் வேணாம், நல்லாவே கேட்கும். ஆனா காத்துல நிக்காது. இது வளையும், ஒடியாது."

என்னிடம் சொல்கிறான், ஆனால் கண் பூராவும் மரிவிக் மேல். மரிவிக்கோ வயரைப் பார்த்துச் சிரிக்கிறாள். வயரில் சிரிக்க என்ன இருக்கிறது? நெனிதா உள்ளேயிருந்து தேங்காய்ப்பாலில் வெந்த சேம்புக்கீரையை ஒரு கிண்ணம் நிறைய கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கிறாள். நான் கேட்டால் மீதி இல்லை என்றவள்.

நான் என்ன செய்தேன் என்றால், அவன் போய், சாயங்காலம் மரிவிக் அதை வைத்து ஒருமுறை பேசி முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்து அந்த வாலை வெட்டிவிட்டேன். பேசுவதை ஒட்டுக்கேட்கிற ஏற்பாடாக இருந்தாலும் இருக்கலாம், யார் கண்டது? மறுநாள் காலையில் மரிவிக் கொல்லைப்புறத்தில் நின்று சாட்டையை வைத்துக் கூப்பிட்டாள். எல்லாரும் ஐந்து ஒன்பது. ரோமெல் மட்டும், 'மூணு ஒண்ணு. நேத்து அஞ்சு ஏழு இருந்துச்சே. வாலை யாராவது எடுத்துட்டாங்களா?' என்றான்.

மச்சான், நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவன் மலை உச்சியில் இருக்கிறான். வெட்டியது என் வீட்டுச் சமையலறையில். பார்த்தது நான் ஒருவன், இல்லையென்றால் நெனிதா. அவனுக்கு எப்படித் தெரிந்தது? உளவு சொல்ல இந்த வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதனால்தான் ஃபோனை எடுக்க வேண்டாம் என்றேன்.

நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மரிவிக்கிடம் மெல்சோரின் எஃகுக் கம்பியைக் கொடுத்து அனுப்பப் போகிறேன். மெல்சோர் திருடன்தான், ஆனால் கல்யாணமானவன். 'ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கிறீங்களா, மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறீங்களா?' என்று நெனிதா கேட்கிறாள். பேச்சைப் பார்த்தீர்களா?

தாங்கள் எனக்காக இவ்வளவும் செய்ய வேண்டும். எங்கள் சங்கம் பொய் எண் போடுவதையும் மெல்சோரின் மருமகன் விஷயத்தையும் மணிலாவில் தலைமைச் சங்கத்தில் நேரில் போய்ப் புகாராகக் கொடுக்க வேண்டும். ரோமெலின் சித்தப்பா ஒருவர் கேசோன் சிட்டியில் இருக்கிறாராம், குடும்பம் எப்படிப்பட்டது என்று சத்தமில்லாமல் விசாரிக்க வேண்டும். பிறகு உங்கள் தங்கைக்கு நான்கு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் சொல்லுங்கள்.

எல்லா வானிலையிலும் ஆண்டவர் உங்கள் கூரையை அதன் இடத்திலேயே வைத்துக் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், தங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

தங்கள் தங்கையின் பொறுமையான கணவன்,
வென்செஸ்லாவோ

பின்குறிப்பு: புயலுக்குக் கப்பலை நிறுத்திவிட்டதால் இந்தக் கடிதம் என் மேசையிலேயே கிடந்துவிட்டது. கூரையில் பாதி போய்விட்டது, நாங்கள் இருக்கிறோம். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். மெல்சோரின் எஃகுக் கம்பி டம்போங்கில் முதல் காற்றிலேயே ஒடிந்துவிட்டதாம். என் சந்தேகம் ஒன்று மட்டும் பொய்யாகவில்லை. உங்கள் தங்கை அந்தக் கறுப்புச் சாட்டைக்குப் புது வால் கட்டி, எனக்குத் தெரியாமல் மரிவிக்கின் அரிசிப் பைக்குள் திணித்து அனுப்பியிருக்கிறாள். அவளைத் திட்ட வேண்டாம்.

காற்று ஓய்ந்த காலையில் ரோமெல் விழுந்த மரங்களைத் தாண்டி மோட்டார் சைக்கிளை மலைச் சரிவின் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் கேட்கிற இடமாகப் பார்த்து நின்று, மரிவிக் அந்தச் சாட்டையில் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவளுக்கும் வார்த்தை மாறாமல் சொன்னான். நலமாக இருக்கிறாள். ஊரார் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பிரசவம் பார்த்தாளாம், ஆண் குழந்தை. அதோடு எனக்கு மனசு ஆறவில்லை. 'நீ விலகு, நான் அவகூட நேரா பேசணும்' என்றேன். விலகிக்கொண்டான். நடுவில் மலை. கருவாடு பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ 'அப்பா' என்று ஒரு சொல், மறுபடி இரைச்சல், பிறகு 'எப்படி' என்று பாதிச் சொல். தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேட்கிறாள். நியாயமாகப் போட்டால் ஒன்று ஒன்று. நெனிதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கண் மறைக்கிறது. பொத்தானை அழுத்தி, "அஞ்சு ஒன்பது, கண்ணு. பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்றேன்.

மலை மேலிருந்து ரோமெல் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.