இரண்டு விரல் குறைந்த கைக்கு ஒரு கத்திப்பிடி

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆண்களில் பாதிப்பேரின் வலது கையைப் பிடித்துப் பார்த்தவர் கொம்பண்ணே. கைகுலுக்கினால் லேசில் கையைத் திருப்பித் தரமாட்டார். விரல்களை மடக்குவார், நீட்டுவார், உள்ளங்கைக் குழியைக் கட்டைவிரலால் அளப்பார். ஜோசியம் பார்க்கிறார் என்று நம்பி, தன் கல்யாணம் எப்போது என்று கேட்ட பஸ் கண்டக்டரும் உண்டு. "கல்யாணத்த விடு தம்பி. ஒன் கைக்குப் பிடி கொஞ்சம் தடிப்பா இருக்கணும்" என்றாராம் இவர்.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் ஒரு ரொட்டி சானாய் கடையின் மாடியில் நாங்கள் சில கல்யாணமாகாதவர்கள் வாடகைக்கு இருந்தோம். நான் குமாஸ்தா. கொம்பண்ணே லோரி வொர்க்‌ஷாப்பில் வெல்டர். பகலெல்லாம் இரும்பை ஒட்டிவிட்டு வந்து, மாலையில் பழைய சவரக்கத்திகளுக்குப் பிடி செய்வார். தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரைமார்கள் விட்டுப்போன மடக்குக்கத்திகள் அவை. அலகு முகம் பார்க்கும்படி மின்னும். பிடி மட்டும் இந்த ஊர்ப் புழுக்கம் தாங்காமல் பிளந்திருக்கும். "கத்தி துரையோடது. பிடியாச்சும் நம்மளோடதா இருக்கட்டுமே" என்பார்.

பிடிக்கு எருமைக்கொம்புதான் வேண்டும். அதை அறுத்து, வேகவைத்து, இளகியதும் இரண்டு பலகைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்குவார். வேகவைத்தது எங்கள் சோற்றுப் பானையில். பாகான் டத்தோவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒருவன் பசியில் மூடியைத் திறந்து ஒரு கரண்டி குடித்துவிட்டு, "சூப்புல உப்பு பத்தலண்ணே" என்றான். அண்ணே அரத்தை நிறுத்தாமலே, "உப்பு போட்டா கொம்பு வெடிச்சிரும் லா" என்றார்.

"தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பஸ்ஸு கீழதான் நிக்குது, ஏறிக்கிறியா?" என்று கேட்பார் கீழ்க்கடை பாய். பாயின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கையின் அச்சு எடுக்க அண்ணே எடுத்துப்போனது அவருடைய ரொட்டி மாவை.

இந்த நிலையில்தான் சிம்பாங் பூலாயில் முடிவெட்டும் முனியாண்டி அண்ணனுக்கு அந்தச் சோதனை வந்தது. மச்சினன் தோட்டத்தில் ஒத்தாசைக்குப் போனபோது, ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷினில் அவருடைய வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. வழிக்கும்போது கத்தியின் பின்பாகம் தங்குவது அந்த விரல்களில்தான். அவை இல்லாததால் பிடி தள்ளாடியது. கூடவே அலகும் தள்ளாடியது. வந்தவர்கள், "இன்னைக்கு வேணாண்ணே, நாளைக்கு வாரேன்" என்று தாடியோடு திரும்பினார்கள். தீபாவளிக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கொம்பண்ணே அவரைக் கையோடு அழைத்துவந்தார். முனியாண்டி அண்ணன் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே நேரம் பிடித்தது. மாவில் அழுத்தினார். மூன்று விரலும் ஒரு வெறுமையுமாக அச்சு விழுந்தது. காயட்டும் என்று அதை ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனார் அண்ணே.

திரும்பி வந்தால் மாவைக் காணோம். ரொட்டி போடும் ஆள் அதையும் வீசிச் சுட்டிருந்தார். மூலை மேசையில் ஒருவர் அதைப் பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நீங்க திங்கிறது யாரு கைன்னு தெரியுமா?" என்றார் கொம்பண்ணே, உண்மையான துக்கத்தோடு.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "பாய், என்னா ரொட்டி லா இது?"

"கோசோங் ரொட்டிதான், உள்ள ஒண்ணும் இல்ல, சாப்புடுங்க. இவன நான் பாத்துக்கிறேன்" என்றார் பாய்.

முனியாண்டி அண்ணன் மறுபடி வரவில்லை. "ஒரு தடவ காட்டுனதே போதும்டா" என்று சொல்லியனுப்பிவிட்டார். அன்று கொம்பண்ணே அரத்தைத் தொடவில்லை. மறுநாள், தன் வலது கையின் அதே இரண்டு விரல்களை மடக்கி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்படியே வேலைக்குப் போனார். அப்படியே சாப்பிட்டார், பாதிச் சோறு மடியில். சட்டைப் பொத்தான் போட எங்களைக் கூப்பிட்டார். கை வீங்கியது.

"என்னாண்ணே இது, அவுத்துப் போடுங்க" என்றேன்.

"அவுத்தா மறந்துரும் தம்பி. அவரால அவுக்க முடியாதுல்ல."

மழை ஓயாத வாரங்கள். சுண்ணாம்புக் குன்றுகள் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றன. எங்கள் சன்னலோரம் அரம் விடிய விடியச் சீறிக்கொண்டேயிருந்தது. ஒரு பிடி நீளம். இன்னொன்று வழுக்கல். மற்றொன்று அவர் கன்னத்தையே பதம் பார்த்தது. கடைசியில் ஒன்று பிறந்தது: விரல்கள் இல்லாத இடத்தில் போய் உட்காரும்படி, அதுவே ஒரு விரலாக வளைந்த கொம்பு. இருட்டுக்குள் தேன் கசிவதுபோல ஒரு நிறம்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. முடிவெட்டும் கடை பெஞ்சில் இடமில்லை. முனியாண்டி அண்ணனின் நாற்காலி மட்டும் காலி. அவர் புதுப் பிடியை மூன்று விரலில் ஏந்தி அசைத்துப் பார்த்தார். தள்ளாடவில்லை. ஆனாலும் பெஞ்சிலிருந்து ஒருவரும் எழவில்லை. எல்லோருக்கும் திடீரென்று பழைய பேப்பரில் படிக்க ஏதோ இருந்தது.

கொம்பண்ணே போய் உட்கார்ந்தார். நுரை ஏறியது. அலகு தொண்டைக்குழிக்கு வந்தபோது கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியில் ஒரு சத்தம் எழுந்தது. குறட்டை.

முனியாண்டி அண்ணன் கத்தியை விலக்கி, கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். "தூங்கிட்டான்யா" என்றார். பிறகு, தூக்கம் கலையாதபடி தாடையை ஒரு விரலால் தாங்கி, மீதியையும் வழித்து முடித்தார். ஒரு கீறல் இல்லை.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, "அடுத்தது நான்" என்றார்.

"இருங்க" என்றார் முனியாண்டி அண்ணன். "அவன் தானா எந்திரிக்கட்டும்."

பண்டிகைக் கூட்டம் வாசல்வரை நின்றது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்; யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை.