நாலு பிளக்கும் ஒரு பொறியும்

ஒரு புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, இனி வாழ்க்கையில் யாருக்கும் பணிவதில்லை என்று முடிவெடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் அதை உரக்கச் சொல்ல முடியவில்லை.

காரணம் என் மனைவி. வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

"என்னங்க, ஷெட்ல நிக்கிற காரை ஒரு பல் டாக்டர் கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறாராம்."

துப்பிவிட்டு ஓடிவந்தேன். "அது ஓடாத வண்டியாச்சே!"

"சொல்லிட்டேன். பரவால்லையாம். மேல்பாகத்தை வெட்டிட்டு, உள்ள மண்ணைக் கொட்டி, தோட்டத்துல வச்சு ரோஜா வளக்கப் போறாராம்."

"ரோஜாவா? என் காருலயா?"

"செவப்புக்குப் பொருத்தமா இருக்கும்னாரு. சாப்பாடு மேசைல இருக்கு."

போய்விட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பவள். தினமும் ஐம்பது பேர் நெஞ்சில் வயரை ஒட்டி, உள்ளே நடப்பதைக் காகிதத்தில் வாங்குகிறவள். நான் முப்பத்தோரு வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்று நாலு மாதம். நாலு மாதமும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். தெருவும் என்னைப் பார்த்தது. எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை.

காரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவப்பு. இரண்டே சீட்டு. ரோட்டரி இன்ஜின். மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் குதிப்பே கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டர், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, சுற்றிக்கொண்டே இருக்கும். "உங்களை மாதிரிதான். சுத்திச் சுத்தி வரும், போற இடம் தெரியாது" என்பாள் மனைவி. ஒவ்வொரு ரோட்டருக்கும் மேலே ஒரு ஸ்பார்க் பிளக், கீழே ஒன்று. ஆக நாலு. நாலுக்கும் மின்சாரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்து, தீப்பொறி மின்மினியாகி, ஆறு வருஷமாக வண்டி உறைக்குள் தூங்குகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, மின்னழுத்தத்தை ஏற்றும் கம்பிச்சுருளான காயில் பிளக்குக்கு ஒன்று என்று புதிதாக நாலும், எந்த நொடியில் எந்தப் பிளக் எரியவேண்டும் என்று உத்தரவு போடும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டியும் மாட்டினால் போதும். ஞாயிறன்று அந்தப் பல் டாக்டர் முன்னால் என் வண்டி உறுமும். ரோஜா வளர்க்க வந்தவர் முள் குத்தித் திரும்புவார்.

தமிழில் தீ பிறப்பதும் பொறியில்தான், எலி மாட்டுவதும் பொறியில்தான். நான் முதலாவதை மட்டும் நினைத்துக் கிளம்பினேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னைக் கண்டதும் குனிந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். நாலு காயில், பெட்டி, வயர், சென்சார், எல்லாம் அச்சாக என் வண்டிக்கு. இப்படி ஒரு சாமான் இந்தக் கடையில் கிடைப்பது வழுக்கைத் தலையில் பேன் கிடைப்பதுபோல.

"யாரோ சொல்லி வச்சாங்க சார். எடுக்க வரலை" என்றார், கூரையைப் பார்த்தபடி.

என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

காலை ஏழு மணிக்கு அவள் வேலைக்குப் போனதும் நான் ஷெட்டுக்குள் போவேன். மூன்று மணிக்கு அவள் திரும்புவதற்குள் குளித்து, தலை சீவி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பழைய சோர்வை முகத்தில் பூசிக்கொள்வேன்.

"கையெல்லாம் என்ன கருப்பு?"

"பேனா மை."

"முழங்கை வரைக்கும் எழுதுனீங்களா?"

"கொஞ்சம் நீளமான கடிதம்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இருபத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இந்த வியாதி போகவில்லை.

மின்தூண்டல் என் பாடம். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் காயில் வரைவேன். ஆனால் கரும்பலகையில் போல்ட் துருப்பிடிப்பதில்லை. கரும்பலகை ஷாக்கும் அடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு காயில் எனக்குப் பாடம் நடத்தியது. எழுந்து பார்த்தபோது ஷெட்டின் மறுகோடியில் பழைய சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப்பின் ஜாக்கிரதையானேன். அவள் அலமாரியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, வயருக்கு ஒன்றாக ஒட்டி, பேனாவால் எழுதினேன்: முன்-மேல், முன்-கீழ், பின்-மேல், பின்-கீழ்.

சனிக்கிழமை பகல் சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு ஆறு வருஷத் தூக்கத்தை ஒரே மூச்சில் உதறிக்கொண்டு இன்ஜின் பாடத் தொடங்கியது. குதிப்பு இல்லை, குலுக்கல் இல்லை. ஒரே சீராக ஒரு தேனீக் கூட்டம். அழுதேன் என்று சொல்லமாட்டேன். ஷெட்டில் புகை அதிகம்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள்.

"வண்டி ஓடுதாமே! தெருமுனையிலேயே சொன்னாங்க."

"ஹி… சும்மா லேசா."

"நல்லதாப் போச்சு. டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். துள்ளிக் குதிச்சாரு. ரோஜாவுக்கு வேற தொட்டி வாங்கிக்கிறாராம். இதைத் தினமும் ஓட்டப் போறாராம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடாத வண்டியை ஓட வைத்தது நான். ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு போகப்போவது பல் டாக்டர்.

ராத்திரி முழுக்க யோசித்ததில் விடை கிடைத்தது. ஓடாவிட்டால் அவருக்கு இது வேண்டாம். தொட்டிதான் வாங்கிவிட்டாரே!

ஞாயிறு காலை அவள் அடுப்படியில் இருந்தபோது நழுவினேன். முன் ரோட்டரின் இரண்டு வயரையும் பின் ரோட்டருக்கும், பின்னதை முன்னதற்கும் மாற்றிச் செருகினேன். இனி அது இருமும், வெடிக்கும், ஓடாது. விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனேன்.

பத்து மணிக்குப் பல் டாக்டர் வந்தார். நெடுநெடுவென்று உயரம். கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். நேரத்தைக் கடத்தலாம் என்று வாயைத் திறந்து காட்டினேன்.

"டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லு குளிர்ந்த தண்ணி பட்டா கூசுது. என்ன பண்ணலாம்?"

அவருக்கு வியர்த்தது. "அந்தப் பக்கமா… குடிக்காதீங்க சார்."

பெரிய டாக்டர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குப் போனோம். சோகமான முகத்தை முன்கூட்டியே தயார்செய்துகொண்டு சாவியைத் திருப்பினேன். அடுத்த நொடி வண்டி உறுமியது. நேற்றைவிட நன்றாக. முகத்தைக் கழற்றி மாட்ட எனக்கு நேரமில்லை.

"பிரமாதம் சார்! நான் எடுத்துக்கறேன்!" என்றார் டாக்டர்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இறங்கி, பானெட்டின்மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன்! இருபத்தேழு வருஷம் முன்னாடி பிரசவ வலியோட இவ இந்த சீட்லதான் உக்காந்து வந்தா. ஒவ்வொரு சிக்னல்லயும் என்னைத் திட்டினா. அந்தத் திட்டெல்லாம் இன்னும் இந்த சீட்லதான் இருக்கு. அதை எப்படி இன்னொருத்தருக்குக் குடுப்பேன்? ஓடக்கூடாதுன்னு நானே வயரை மாத்தி வச்சேன்! இது எப்படி ஓடுது?"

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, கோட்டைக் கழட்டு. வேர்க்குது பாரு."

"அப்பாடா" என்று கழற்றினார் அவர். "மன்னிச்சுக்குங்க சார். பல்லைக் காட்டுனதும் எனக்கு உசுரே போயிடுச்சு."

"இவரு…?"

"எங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர்" என்றாள்.

பானெட்டிலிருந்து மெதுவாக எழுந்தேன். "அப்ப கடையில இருந்த பெட்டி?"

"நான்தான் போன மாசமே சொல்லி வச்சேன்."

"வயரு?"

"நீங்க விசிலடிச்சுக்கிட்டே குளிச்சீங்க. நீங்க விசிலடிச்சா ஏதோ திருட்டுத்தனம் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். வந்து பாத்தேன். 'முன்'னு எழுதினது பின்னாடி இருந்துச்சு, 'பின்'னு எழுதினது முன்னாடி இருந்துச்சு. அம்பது நெஞ்சுல வயர் மாட்டறவளுக்கு நாலு பிளக்கு பெரிசா?"

"எதுக்கு இவ்வளவு நாடகம்?"

அவள் குரல் இறங்கிவிட்டது.

"நாலு மாசமா நீங்க என்கூட ஒரு சண்டை போடலைங்க. சாப்பிடுங்கன்னா சாப்பிட்டீங்க. படுங்கன்னா படுத்தீங்க. ரெண்டு நாள் உப்பே போடாம சமைச்சேன். நல்லா இருக்குன்னீங்க. பயந்துட்டேன். ஊர்ல இருக்கறவங்க நெஞ்சுல என்ன ஓடுதுன்னு பாக்கறேன், உங்களுது மட்டும் எனக்குத் தெரியலை."

"நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். ஒண்ணுமில்லைன்னீங்க."

ஷெட்டில் மறுபடியும் புகை அதிகமாகிவிட்டது.

"அப்ப என்னைப் பத்த வச்சது நீதானா?"

"காருக்கு நாலு பொறி வேணும். உங்களுக்கு 'ரோஜா'ங்கற ஒரு வார்த்தை போதும்."

சிரித்துவிட்டேன். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அவளும் சிரித்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

"வா, ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றேன், பழைய கம்பீரத்தோடு. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தால் அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"தம்பி கத்துக் குடுத்தாரு. மூணு மாசமா."

"எதுல?"

"ஆம்புலன்ஸ்லதான்."

"அக்கா நல்லா ஓட்டுவாங்க சார்" என்றார் அவர். "என்ன, யாராவது குறுக்க வந்தா சைரனைத் தேடுவாங்க."

ஏறி உட்கார்ந்தேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன் அவள் உட்கார்ந்த அதே சீட். பெல்ட் போடச் சொன்னாள், போட்டேன். வண்டி தெருவில் வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னலோர நாற்காலியிலிருந்து நாலு மாதம் பார்த்த தெருதான். இப்போது அதில் மரங்கள் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் அவளைத் திட்டினேன். அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் ஓட்டறேன், சரியா?" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

இருபத்தொன்பது வருஷத்தில் அவளுடைய 'பாக்கலாம்' ஒரு தடவைகூட 'சரி' ஆனதில்லை.