மூன்றாவது ஆட்டத்தில் ஓர் ஆமென்

ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகிய கையைச் சனிக்கிழமை நம்பக் கூடாது. இதை நான் இருபத்திரண்டு வயதில், சேலம் ஜங்ஷன் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில், ஊரார் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியமும் என் பொறுப்பு. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் மண்டபத்தில் நடனம் வைத்தார்கள். வர வேண்டிய பேண்டுக்காரர்கள் வரவில்லை. "நீர் ஒருவரே போதும்" என்றார் பாதிரியார். (வேலை கொடுத்தவர் சொன்னால் போதாமல் போகுமா?)

சிக்கல் என்னவென்றால், கம்பவுண்டர் மகள் ரூத்தை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். கம்பவுண்டர் சபை மூப்பர். நடனம் என்றாலே ஆகாது. "அந்தக் கூத்துக்கு அவரு வாசிச்சாருன்னா, பொண்ணுப் பேச்சே வேண்டாமுங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும்விட்டார். உள்ளே, பாதிரியார் கேட்டுக்கொண்டதால், ரூத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஆட்டம் எப்படியோ ஒப்பேறியது. மூன்றாவது, மெதுவான மெட்டு. ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை நீலமாகிக்கொண்டிருந்தது. கால் வழுக்கி ஆடுவதற்காகத் தரையில் தூவிய பவுடர் புகைபோல எழும்ப, பாவாடைகள் மெல்லச் சுழன்றன. யாருக்கும் கால் இருப்பதாகவே தெரியவில்லை. தட்டோடு நின்ற ரூத்தும் லேசாக அசைந்தாள். கல்யாணம், கம்பவுண்டர் எல்லாம் மறந்து நான் எங்கோ மிதந்தேன். அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

மெட்டு முடிந்தது. கை முடிக்கவில்லை. ஞாயிறுதோறும் பாட்டுக்குப் பின்னால் வாசிக்கும் அந்த நீண்ட 'ஆ…மென்'னையும் வாசித்துவிட்டது!

ஆடியவர்கள் அத்தனை பேரும் ஜோடியின் கையை விட்டுவிட்டுத் தலைகுனிந்து கண்ணை மூடினார்கள். எல்லாம் பழக்கதோஷம். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பாதிரியார் விழித்தார்; குனிந்த தலைகளைப் பார்த்தார்; எழுந்து கையை உயர்த்தி, ஆராதனை முடிவில் சொல்லும் முழு ஆசீர்வாதத்தையும் கூறிவிட்டார்.

ஆசீர்வாதம் ஆனபின் யார் ஆடுவது? ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கேக்கை வெட்டக்கூட இல்லை. வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நான் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பவுண்டர் நேராக வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்.

"ஏனுங்க தம்பி, இதை நிறுத்தோணும்னு நானும் எத்தனையோ மனு எழுதிப் பாத்தனுங்க. நீங்க ரெண்டே அமுக்குல நிறுத்திப் போட்டீங்களே!"

நான் ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்தினேன். (உண்மையைச் சொல்வேனா?) அடுத்த மாதமே கல்யாணம்.

கடைசிவரை மாமனாருக்கு விருந்துக்கு விருந்து மாப்பிள்ளையின் பக்தி வீரத்தைச் சொல்லி மாளவில்லை. எங்கள் வீட்டில் நல்ல காரியம் எது பாதியில் நின்றாலும் பிள்ளைகள் "அப்பா ஆமென் வாசிச்சுட்டாரு" என்பார்கள். ரூத் மட்டும் சிரிக்க மாட்டாள். ஒருநாள் ஏனென்று கேட்டேன்.

"நாலாவது ஆட்டத்துக்குத் தட்டைக் கீழ வெச்சுட்டு, அப்பா பாத்தாலும் பரவால்லைன்னு ஒரு சுத்து ஆடிப் போடலாம்னு இருந்தனுங்க" என்றாள்.