இடப்பக்க ஸ்பீக்கர்

இடப்பக்க ஸ்பீக்கர் பாடவில்லை.

ரங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்து போய் அதன் முன் குனிந்து பார்த்தார். பாடியது. திரும்பி வந்து உட்கார்ந்தார். பாடவில்லை. மறுபடி எழுந்து போனார். பாடியது.

"ஆளு வந்து பக்கத்துல நின்னாத்தான் வேல செய்யும்போல," என்றார்.

தோட்டத்து ரப்பர் ஆலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். கடைசிப் பத்து வருடம் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற வேலை. அந்த மாதிரி ஆட்களை அவருக்குத் தெரியும்.

அவர் சொன்னதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை. மனைவி பவானேஸ்வரி சிம்பாங் அம்பாட்டில் மகள் திலகா வீட்டில் இருந்தாள். நான்கு நாள் என்று சொல்லிப் போனவள். ஐந்து வாரம் ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம் அவர்தான் ஃபோன் செய்தார்.

"எப்ப வர்ற?"

"வரேன்."

"எப்பன்னு கேட்டேன்."

"வந்து என்ன பண்றது? அந்த வீட்டுல ஒரு பேச்சு உண்டா, ஒரு சத்தம் உண்டா? இங்கயாவது நாலு வார்த்த பேச ஆளு இருக்கு."

அவள் சொன்னது உண்மை. பாயா ரும்புட்டில் அந்த வீட்டை வாங்கியதிலிருந்து அதில் சத்தம் இல்லை. கல்யாணமான புதிதில் பவானேஸ்வரி விடாமல் பேசுவாள். மெல்லிய குரல். ஆனால் நிற்காது. எந்த வருடம் குறைந்தது, எந்த வருடம் நின்றது என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. அப்போதே ஏன் என்று கேட்டிருக்கலாம். கோபமாக இருக்கும், தானாகத் தணியும் என்று விட்டுவிட்டார். அதற்குள் பதினைந்து வருடம் போய்விட்டது.

ஃபோனில் மட்டும் நன்றாகப் பேசினாள். தான் தூரத்தில் இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வருகிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு இரண்டு நாள் நெஞ்சில் கிடந்தது.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் சத்தம் வேண்டும். அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும். திலகா பிறந்த வருடம் ஒரு நல்ல செட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். திலகாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது.

*

மலாக்கா டவுனில் கோகுலராஜ் கடை வைத்திருந்தான். முப்பது வயதிருக்கும். ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான், சன்னிதியில் நிற்பவன் மாதிரி.

"இது ஃபுல் ரேஞ்ச், அங்கிள். மத்த பெட்டியில கனத்த சத்தத்துக்கு ஒண்ணு, கீச்சுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். இதுல ஒண்ணே ஒண்ணுதான். எல்லாம் ஒரே வாயிலேர்ந்து வரும். மனுசன் பேசுற மாதிரி."

மனுசன் பேசுற மாதிரி. ரங்கசாமிக்கு அது பிடித்திருந்தது.

"நடுவுல ஒக்காருங்க. கண்ண மூடிக்குங்க. பாடுற அம்மா நேரா ஒங்க எதிர்ல வந்து நிப்பாங்க."

மூடினார்.

"நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க. வலது பக்கமா, ஓரத்துல."

"நடுவுல, அங்கிள்."

"ஓரத்துல, தம்பி. கெளம்பிப் போற மாதிரி நிக்கிறாங்க."

கோகுலராஜ் வேறொரு ஜோடியை மாட்டினான். பிறகு இன்னொன்று. மூன்றிலும் அந்த அம்மாள் வலது பக்கமாகவே கிளம்பினாள். கோகுலராஜ் தானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு அவள் நடுவில்தான் நின்றாள். ஆனால் அப்பா வயதுள்ள மனிதரிடம், அதுவும் வாங்க வந்தவரிடம், உங்களுக்குக் கேட்பது தப்பு என்று எப்படிச் சொல்வது?

"அங்கிளுக்குக் காது ரொம்ப ஷார்ப்பு லா. நாங்க தெனம் கேக்குறோம், எங்களுக்கே தெரியல."

"பேக்டரியில மெஷின் பக்கத்துலயே நின்னவன். பேரிங் தேஞ்சா சத்தத்துலயே சொல்லிருவேன்."

"அதான். பழகின காது."

ரங்கசாமி மூன்றாவது ஜோடியை எடுத்தார். அதில்தான் அந்த அம்மாள் போவதற்குக் கொஞ்சம் தயங்கினாள்.

*

வீட்டில் அந்த அம்மாள் தயங்கவும் இல்லை.

முதலில் பெட்டிகளை இடம் மாற்றினார். வலதை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் வைத்தார். இடப்பக்கம்தான் பாடவில்லை. நேற்றுவரை நன்றாகப் பாடிய பெட்டி அது.

கடைக்கு ஃபோன் செய்தார்.

"தம்பி, ஒண்ணோட சீக்கு இன்னொண்ணுக்கு ஒட்டிக்கிச்சு."

"ஸ்பீக்கருக்கு அப்படி ஒட்டாது, அங்கிள்."

"இங்க ஒட்டியிருக்கே."

கோகுலராஜ் தடித்த ஒயரோடு வந்தான். பழைய ஒயரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ரங்கசாமி அவன் தலைக்கு மேலே நின்றார்.

"பாத்தியா? எடது பக்கம் ஒண்ணுமே இல்ல."

நிம்மதி போனது.

"லேசா கம்மியாத்தான் இருக்கு, அங்கிள்."

"லேசாவா?"

"நல்லாவே கம்மியா இருக்கு." கோகுலராஜ் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். எதன் மீதாவது பழி போட வேண்டியிருந்தது. "அந்தத் தெர சத்தத்த முழுங்கும். அந்த ஷோகேஸ் வேற அங்க நிக்குது."

அவன் போனதும் ரங்கசாமி திரையைக் கழற்றினார். ஷோகேஸை வலது சுவருக்குத் தள்ளினார். திலகா பள்ளியில் வாங்கிய கோப்பைகளில் இரண்டு விழுந்து கைப்பிடி உடைந்தன. தரையில் ஒரு டைல் நீளமாகக் கீறிக்கொண்டது. திரை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் நேராக ஆம்ப்ளிஃபையர் மேல் அடித்தது. அதற்கு ஒரு குடையை விரித்து வைத்தார். சோபாவும் சத்தத்தை முழுங்கலாம் என்று தோன்றியது. அதை இழுத்துப்போய் வாசலில் போட்டார்.

வீடு காலி செய்கிற வீடு மாதிரி ஆனது. இடப்பக்கம் பாடவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு திருகுதான். இரண்டு பக்கத்துக்கும் சத்தத்தைப் பங்கு போடுகிற திருகு. அதை முழுவதும் இடப்பக்கம் திருப்பி, சத்தத்தையும் ஏற்றினார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இப்போதுதான் ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

வாசலில் அன்னம்மா வந்து நின்றாள். இடது சுவரை ஒட்டிய வீடு அவளுடையது.

"அண்ணே, பாட்டு நல்லாருக்கு."

"கேக்குதா?"

"எங்க வீட்டு அலமாரியே பாடுது. ஒங்களுக்குப் பத்தலன்னா எங்க வீட்டுல வந்து ஒக்காந்து கேளுங்க. டீத்தண்ணி கலக்கித் தரேன்."

ரங்கசாமி திருகைக் குறைத்தார்.

"அக்கா இல்லாத வீட்டுல யாருக்குண்ணே இவ்ளோ சத்தம்?"

"அவளுக்குத்தான்."

"அவங்க சிம்பாங் அம்பாட்லல்ல இருக்காங்க."

"தெரியும்மா."

அன்னம்மா வாசலில் கிடந்த சோபாவைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். அப்படியே திரும்பிப் போனாள். மாலையில் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மறுபடி ஏற்றியபோது இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து துணி கிழிகிற சத்தம் வந்தது.

கோகுலராஜ் முன் மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"அங்கிள், இது இப்ப நெசமாவே போச்சு."

"நான் மொதல்லேர்ந்து அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கோகுலராஜ் வேறு ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ரங்கசாமியின் எண்ணைப் பார்த்தால் அவன் ஃபோனை எடுப்பதில்லை.

புதிய ஸ்பீக்கரும் பாடவில்லை.

*

ஒரு நாள் காலை முழுவதும் ரங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் போடவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி, பவானேஸ்வரிக்காகப் போட்டது. இடப்பக்கம் போட்டிருந்தார். வேறு எங்கும் போட அவருக்குத் தோன்றாது. மணவறையில் தாலி ஏறியதும் ஐயர் அவளை வலப்பக்கத்திலிருந்து எழுப்பி இடப்பக்கம் உட்கார வைத்தார். பெண்சாதிக்கு இனி இதுதான் இடம் என்றார். ரங்கசாமி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். கோயிலில், சாப்பாட்டு மேசையில், ஹாலில், காரில், எங்கேயும் அவள் இடப்பக்கம்தான். ஒரு முறை விருந்தில் மாறி உட்கார்ந்தவளை எழுப்பி மாற்றி உட்கார வைத்திருக்கிறார்.

இப்போது பார்த்தால் பாடாத பெட்டி அவள் பக்கம் வந்து வாய்த்திருந்தது. நல்ல சத்தம் முழுவதும் தனக்கு வந்தது.

அது அவருக்கு உறுத்தியது. எழுந்து அந்த ஸ்பீக்கரைத் தூக்கி அவள் நாற்காலிக்கு நேர் முன்னால், கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தார். அவளுக்காவது கேட்கட்டும்.

ஃபோனை எடுத்து வலது காதில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம காரு கொண்டாரேன். வா."

"என்ன திடீர்னு?"

"ஒனக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். வந்து பாரு. பிடிக்கலன்னா நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

"இந்த ஒரு தடவ வரேங்க. வந்தும் வீடு அப்படியேதான் இருந்துச்சுன்னா நான் இங்கயே இருந்துக்கிறேன். அப்புறம் கூப்பிடாதீங்க."

"சரி," என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை பவானேஸ்வரி ஒரு சின்னப் பையோடு வந்தாள். பெரிய பையைத் திலகா வீட்டிலேயே விட்டிருந்தாள். அவர் அதைக் கவனித்தார். திலகா வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

திலகாவின் கணவன் தர்மேந்திரனும் காரில் வந்தான். அவன் மோட்டார் சைக்கிள் பாயா ரும்புட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. பின்னிருக்கையில், ரங்கசாமிக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டான். பவானேஸ்வரி முன்னால் உட்கார்ந்தாள்.

பழைய கார். ஏர்கான் எப்போதோ போய்விட்டது. ரங்கசாமி தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். காற்று இரைந்துகொண்டு உள்ளே வந்தது. வண்டி ஓட்டும்போது அவர் சாலையை மட்டும்தான் பார்ப்பார். தலை திரும்பாது.

சிம்பாங் அம்பாட் சந்தி போனது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. செம்பனைத் தோட்டங்கள் போயின. சொல்லவில்லை.

"வொர்க்‌ஷாப் பெட்ரோல் ஸ்டேசனுக்குப் பின்னால, மாமா," என்றான் தர்மேந்திரன்.

"தெரியும் மாப்ள."

பின்னால் இருப்பவன் பேசுகிறான். பக்கத்தில் இருப்பவள் பேசவில்லை. இப்படித்தான் எத்தனை பயணம். மலாக்காவுக்கு, கோலாலம்பூருக்கு, பத்துமலைக்கு. போக ஒரு மௌனம், வர ஒரு மௌனம். அவள் அமைதியானவளாகிவிட்டாள் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

அலோர் காஜா வந்தது. ஸ்பீக்கர்களைப் பற்றி யோசித்தார். இரண்டு பெட்டி. உடைந்த இரண்டு கோப்பை. கீறிய தரை. இதையா காட்டப்போகிறோம்? முப்பத்தெட்டு வருடம் கழித்து, அதுவும் ஒரு பக்கம் பாடாத செட்.

ஏதோ ஒரு வருடத்தில், ஏதோ ஒரு நாள், காரை ஓரமாக நிறுத்தி என்னவென்று கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யவில்லை.

பாயா ரும்புட் விளக்கில் சிவப்பு விழுந்தது. காரை நிறுத்தினார். காற்று நின்றது. அப்போதுதான் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பவானேஸ்வரியின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி சாலையைப் பார்த்துக்கொண்டார். மருமகன் இருக்கிறான் என்றும் பார்க்கவில்லை.

"பவானி, தப்பு என்னோடதுதான். என்ன தப்புன்னு எனக்குத் தெரியல. ஆனா என்னோடதுதான். ஒரு வார்த்த பேசு. திட்டினாக்கூடப் பரவால்ல. இப்படிப் பேசாமயே வராத."

விளக்குப் பச்சையானது. அவர் வண்டியை எடுக்கவில்லை. காத்திருந்தார். பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

தர்மேந்திரன் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து அவர் வலது தோளருகே குனிந்தான்.

"மாமா, சிம்பாங் அம்பாட்ல ஏறுனதுலேர்ந்து அத்தை பேசிக்கிட்டேதானே வர்றாங்க, நீங்கதான் ஒண்ணுக்கும் பதில் சொல்லல."