ஒரு சாண் நூலின் எடை

ஆரணியில் பூமியை எடை போட்ட ஒரே மனிதர் நம்ம பெரியநாயகம் வாத்தியார்தான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம், புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை மாதா கோயில் சாமியார் அவருக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு கிராம் எடைக்கு ஹைட்ரஜன் வாயுவின் அணுக்கள் எத்தனை வேண்டும் என்று அதில் இருந்தது. ஒன்று போட்டு ஏறக்குறைய இருபத்துநாலு சைபர். பூமியின் எடையும் இருந்தது. ஆறு போட்டு இருபத்தோரு சைபர் டன். அணுவையும் பூமியையும் முடிச்சுப் போடத்தான் ஊரில் ஆள் இல்லை.

வாத்தியார் போட்டார். டன்னுக்குப் பத்து லட்சம் கிராம் என்று நடுவில் ஆறு சைபரைச் சேர்த்தார். ஆக மொத்தம் பூமியின் எடைக்கு ஆறு போட்டு ஐம்பத்தோரு சைபர் அணு. சிலேட்டு எந்த மூலைக்கு? அடுக்களைக் கதவோரம் ஆறைப் போட்டு, வாசல்வரைக்கும் கரியால் சைபர் சைபராகச் சுவரில் எழுதிக்கொண்டே போனார். சுவர் வெள்ளையடித்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் இதைப் பற்றிப் பேசுவதாகத் தெருவுக்கே சொல்லியாயிற்று.

அவர் சம்சாரம் சூசைமேரி பக்கத்து வீட்டு நெசவுக்காரர் துரைக்கண்ணுவுக்குத் தார் சுற்றித் தருகிறவள். தறியில் நாடா ஓடுகிறதே, அதற்குள் வைக்கிற குச்சியில் பட்டு நூலைச் சுற்றுகிற வேலை. வெள்ளிக்கிழமைக்குள் நூறு தார் வேண்டும். வியாழக்கிழமை சந்தவாசலில் அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். ஒத்துக்கொண்ட வேலையை முடிக்காமல் வாசற்படி தாண்டக்கூடாது என்று வாத்தியார் திங்கட்கிழமையே உத்தரவு போட்டுவிட்டார். கூட உட்கார்ந்து நாலு தார் சுற்றலாமே என்றால், பூமியை எடை போட்ட கை அது, ராட்டையைத் தொடுமா?

செவ்வாய்க்கிழமை காலையில் சூசைமேரி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, பூமி ரொம்பப் பெரிசு, என் கண்ணுக்கு அடங்கல. அணு ரொம்பச் சின்னது, அதுவும் அடங்கல. ரெண்டுக்கும் நடுவுல இது கெடக்குதே, ஒரு சாண் பட்டு நூலு. இது இன்னா எடைங்க?"

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டினார். பட்டு நூல் அதில் இல்லை. துரைக்கண்ணு வீட்டுத் தராசை வாங்கி வந்து, ஒரு சாண் நூலை வெட்டித் தட்டில் வைத்தார். முள் அசையவில்லை.

"இதுக்கு எடையே இல்லீங்களா?"

"எடை இல்லாம எப்படி இருக்கும்? தராசுக்குத் தெரியல."

"அதானே. ஞாயித்துக்கெழமை நீங்க பேசிகினு இருக்கும்போது துரைக்கண்ணு எழுந்து இதையே கேட்டுட்டார்னா? நாளெல்லாம் நூலோடவே இருக்கிறவராச்சே."

ஐம்பத்தோரு சைபர் எழுதியவர் ஒரு சாண் நூலிடம் தோற்பதா? சட்டென்று வழி கிடைத்தது.

"நெறைய நூலைச் சுத்தி மொத்தமா எடை போடணும். எத்தனை சாணோ, அத்தனையால வகுக்கணும். பத்து தார் சுத்தினாப் போதும்."

"பத்து போதுங்களா? முள்ளு ஒரு குன்றிமணி தப்பாக் காட்டினா?"

"நூறு சுத்துவோம்."

"நூறா? உங்களுக்கு எதுக்குங்க இந்த பேஜாரு. நானே சுத்தித் தர்றேன்."

"நீ தொடாதே. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிக்கிட்டே சுத்தணும். ரெண்டு கை பட்டா கணக்கு கெட்டுப்போயிடும்."

"எதிர்க்கவே இருந்தா என் கை சும்மா இருக்காதுங்களே."

"அப்ப ஒண்ணு செய். சந்தவாசலுக்குப் போயிட்டு சனிக்கிழமை வா."

"நீங்க சொன்னா சரிங்க," என்றாள் சூசைமேரி. மூட்டை கட்ட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நாலு நாள் வாத்தியார் சுற்றினார். பள்ளிக்கூடம் விட்டால் ராட்டை, கஞ்சி குடித்தால் ராட்டை. விரல் கன்றிப்போனது. ஆனாலும் ஒவ்வொரு தாரையும் தூக்கிப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அணுவிலிருந்து பூமிக்குப் போகிற பாதையில் நடுவிலே ஒரு படி குறைந்திருந்தது, அதை அவர் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூறு தாரும் தராசில் ஏறின. பதினேழு பலம். வகுத்தார், பெருக்கினார், ஒரு சாணுக்கு இத்தனை அணு என்று சுவரில் புதிதாக ஒரு வரி எழுதினார். துரைக்கண்ணு வந்து கூடையைத் தூக்கிப் போகும்போது, "எப்பவும் போல அம்மா கைவேலை சுத்தம்," என்றார். வாத்தியார் சிரித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தெரியட்டும்.

சனிக்கிழமை சூசைமேரி நிச்சயதார்த்தப் பலகாரத்தோடு வந்து இறங்கினாள். வாத்தியார் அவளைச் சுவர் முன்னால் நிறுத்தி வரி முழுவதையும் படித்துக் காட்டினார்.

"உங்களால மட்டும்தாங்க முடியும்," என்றாள் அவள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "குச்சியோட எடையைக் கழிச்சிட்டீங்க இல்ல?"

வாத்தியார் சுவரைப் பார்த்தார். ஒரு சாண் பட்டு நூலின் எடையில் நூறு மூங்கில் குச்சிகள் உட்கார்ந்திருந்தன.

"வேற நூறு குச்சியை எடை போட்டுக் கழிச்சிடலாம்," என்றார், குரல் இறங்கி.

"ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு எடைங்களே. கணக்கு கெட்டுப்போயிடாதுங்களா? அந்தக் குச்சியெல்லாம் இந்நேரம் துரைக்கண்ணு தறியில ஓடிகினு இருக்கும்."

"நாளைக்கு நான் என்ன பேசறது?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை பேசுவீங்கன்னு வர்ற வழியிலேயே சாமியார்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

வாசலில் துரைக்கண்ணுவின் சம்சாரம் அபிதகுசாம்பாள் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கூடை. அது நிறையப் பச்சைப் பட்டு. மேலே நூறு வெறும் குச்சி.

"வாத்தியாரண்ணா, இந்தத் தடவை குச்சியை மொதல்லயே எடை போட்டுக்குங்க," என்று கூடையை இறக்கி வைத்தாள். "இன்னா சூசையக்கா, செவ்வாய்க்கெழமையே குச்சியோட கூடையைக் கொண்டாரச் சொல்லி வெச்சுட்டுப் போனியே, வந்தவாசியில மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு நீ என்னிக்குக் கெளம்பணும்?"