கனகலிங்கத்தின் இரண்டாவது பேட்டரி

கனகலிங்கம் ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். சுரீரென்றது. பேட்டரியில் உயிர் இருக்கிறது. ஆனால் மேசைமேல் இருந்த லோடர் மட்டும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அவர் சாப்பிட எழுந்து போகும்வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான் அது.

லோடர் என்றதும் லோரியில் மண் அள்ளிப் போடும் இயந்திரத்தை நினைத்துவிட வேண்டாம். இது பெயிண்ட்பால் துப்பாக்கியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் குடுவை. சாய உருண்டைகளை அதில் கொட்டி, பின்பக்கத்துச் சின்னப் பொத்தானைப் போட்டால், உள்ளே ஒரு குட்டி மோட்டார் சுழன்று உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளும். மோட்டார் நின்றால் உருண்டைகள் கழுத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியை ஊன்றுகோலாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

போன வருஷம், தொண்ணூற்றாறில், அதுதான் நடந்தது. செமினிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அவர் வேலை பார்க்கும் இலாகாவின் வரைபடப் பிரிவுக்கும் நிர்வாகப் பிரிவுக்கும் போட்டி. வரைபடப் பிரிவில் கடைசி ஆளாக மிஞ்சியவர் கனகலிங்கம்தான். மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்து, தருணம் பார்த்து எழுந்து சுட்டார். இரண்டு உருண்டை பறந்தது. மூன்றாவது வரவில்லை. தட்டினார், உலுக்கினார், வாயை வைத்து ஊதிக்கூடப் பார்த்தார். நிர்வாகப் பிரிவின் தலைமைக் கிளார்க் அந்தோனிப்பிள்ளை சாவகாசமாக நடந்து வந்து அவர் மார்பில் பச்சைச் சாயம் அடித்துவிட்டுப் போனார்.

பேட்டரி தீர்ந்துபோனால் நம் ஊரில் ‘கொங்’ என்பார்கள். அன்று முதல் கனகலிங்கம் இலாகா முழுக்க ‘கொங் லிங்கம்’ ஆகிவிட்டார். கேன்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார், ஆனால் மனசுக்குள் வலித்தது. அடுத்த ஜனவரியில் ஓய்வு. முப்பத்து மூன்று வருஷம் ஒரு கோடு கோணாமல் வரைந்த மனிதர், ஒரு செத்த பேட்டரியின் பெயரோடு வீட்டுக்குப் போவதா? போதாக்குறைக்குப் பிரியாவிடை விருந்தில் பேசப்போகிறவரே அந்தோனிப்பிள்ளைதான்.

“இந்த வருஷம் ஜெயிச்சுக் காட்டு லா, லிங்கம். மேடையில நானே அந்தப் பேரை வாபஸ் வாங்கிக்கிறேன். தோத்தியோ, என் பேச்சுல முதல் வரியே அதுதான்” என்று அவர் கேன்டீனில் பத்துப் பேர் முன்னிலையில் சொல்லியிருந்தார்.

அதனால்தான் கனகலிங்கம், தோட்டத்தில் இந்தச் சாமான்களை வாடகைக்கு விடும் கௌஸிடம் கெஞ்சிக் கூத்தாடி, போன வருஷம் காலை வாரிய அதே லோடரைப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

பேட்டரியைத் திரும்ப மாட்டி, மூடியை மூடி, ஆன் செய்தார். ஓடியது. டெலிபோன் மணி அடித்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி நின்றிருந்தது. கழற்றினார், நக்கினார், மாட்டினார், ஆன் செய்தார். ஓடியது. சால்டரிங் கம்பியை எடுக்கப் போய்த் திரும்பினால் மறுபடி நின்றிருந்தது. இதற்கிடையில் குளியலறையிலிருந்து மனைவி குணபூசணியின் குரல் வேறு. “இஞ்சாருங்கோ, நான் உள்ளுக்கு நிக்கிறன். நீங்கள் போற போக்கில அணைச்ச லைட்டைப் போடுங்கோ.” போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

இது வந்து வந்து போகும் கோளாறு என்று அவர் முடிவு கட்டினார். கண்ணுக்குச் சிக்காத நோய்க்கு மருந்து தேடுவதைவிட, மாற்று ஏற்பாடு செய்வதே மேல். இன்னொரு பேட்டரி, அதற்குத் தனி வயர், தனி சுவிட்ச். முதல் பேட்டரி காலை வாரினால் இரண்டாவது கை கொடுக்கும்.

அன்றிரவே டிரேசிங் பேப்பரில் இந்தியன் இங்க்கால் படம் வரைந்தார். அழகென்றால் அப்படியொரு அழகு. கீழே வலது மூலையில் வழக்கமான கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி. சரிபார்த்தவர் கையெழுத்தில்லாமல் ஒரு படமும் அவர் கையைவிட்டுப் போனதில்லை. குணபூசணியை எழுப்பி அங்கே கையெழுத்து வாங்கினார். அவளும் அரைத் தூக்கத்தில் என்னவென்று கேட்காமல் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பாசார் ரோட்டில் சுவிட்சும் வயரும் வாங்கி வந்து வேலையைத் தொடங்கினார். படம் வரைவது ஒன்று, சால்டர் பிடிப்பது வேறொன்று என்பது அப்போதுதான் தெரிந்தது. சோதிக்கச் சாய உருண்டை இல்லை. கோயிலுக்கென்று குணபூசணி வாங்கி வைத்திருந்த லோங்கான் பழம் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ஒரு குடுவை நிறையக் கொட்டி, புதிய சுவிட்சைத் தட்டினார்.

இரண்டு பேட்டரியும் வரிசையாக இணைந்து பதினெட்டு வோல்ட்டாகியிருந்தன. லோடர் அலறியது. அரை நிமிஷத்தில் பழமெல்லாம் கூழாகி, மூடி பிய்த்துக்கொண்டு, சாறு சுவர்க் கடிகாரத்திலிருந்து சொட்டியது.

வயரைப் பிரித்து மாற்றி இணைத்தார். இப்போது வோல்ட் சரி. ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியதில் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. கீழே இறங்க வேண்டிய பழங்கள் மேலே கிளம்பி, ஒன்று ஃபேனில் பட்டு, குணபூசணியின் ரசச் சட்டியில் போய் விழுந்தது. அவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“நானே கையெழுத்துப் போட்டுத் துலைச்சிட்டன்” என்றாள். “இனி ஒரு வயரையும் தொடாதேங்கோ.”

அவர் இன்னும் இரண்டு வயரைத் தொட்டார். பிறகு லோடரைத் துடைத்து ஃப்ரிட்ஜின் பின்னால் காய வைத்தார். காலையில் பார்த்தால் தெருவிலிருந்த எறும்பெல்லாம் அதற்குள் குடியேறியிருந்தன. தட்டித் தட்டி முக்கால்வாசியை விரட்டிவிட்டுக் கடைசிச் சோதனையைத் தொடங்கினார். பழைய பேட்டரியில் ஓடவிட்டார். தண்ணீர் குடிக்கப் போய் வந்தார். எதிர்பார்த்தபடியே செத்துக் கிடந்தது. புதிய சுவிட்சைத் தட்டினார். ‘ம்ம்ம்’ என்று சீராக, சமர்த்தாக ஓடியது. கனகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டி அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. வரைபடப் பிரிவு வழக்கப்படி வரிசையாக விழுந்தது. பதினொன்றரைக்குள் மிஞ்சியவர் கனகலிங்கம் மட்டும். எதிரே அந்தோனிப்பிள்ளையும் இரண்டு இளவட்டங்களும். கௌஸின் மனைவி நசீமா எல்லைக் கயிற்றுக்கு வெளியே தேநீர்க் கடை போட்டிருந்தாள். அதற்கு நேரே இருந்த செம்பனை மரத்தின் பின்னால் கனகலிங்கம் பதுங்கினார். மிச்சமிருந்த கால்வாசி எறும்புகள் அவர் கழுத்தில் இறங்கிக் கடித்தன. அசையவில்லை.

காலடிச் சத்தம் நெருங்கியது. எழுந்தார், சுட்டார். ஒன்று, இரண்டு. மூன்றாவது வரவில்லை.

பிறகு அந்தோனிப்பிள்ளை புதரைவிட்டுத் தைரியமாக வெளியே வந்தார். இளவட்டங்களும் வந்தார்கள். மூன்று பேரும் கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி கைவீசி நடந்தார்கள்.

“என்னா லிங்கம், மறுபடி கொங்கா?”

கனகலிங்கத்தின் கட்டைவிரல் புதிய சுவிட்சைத் தேடிப் பிடித்துத் தட்டியது. ‘ம்ம்ம்.’

“கொங் இல்ல அந்தோனி. இது ஸ்பேர்” என்றார்.

அப்புறம் நடந்ததை இலாகாவில் வெகுநாள் பேசினார்கள். இளவட்டங்கள் திரும்பி ஓடுவதற்குள் முதுகில் ஆளுக்கு இரண்டு மஞ்சள் வட்டம். அந்தோனிப்பிள்ளைக்கு ஓடவும் தோன்றவில்லை. அவர் வயிற்றில் ஒரு கோட்டில், சம இடைவெளியில், ஐந்து உருண்டைகள் வெடித்தன. முப்பத்து மூன்று வருஷக் கை அல்லவா.

வரைபடப் பிரிவு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தேநீர்க் கடைவரை ஊர்வலம் வந்தது. அந்தோனிப்பிள்ளை வாக்குத் தவறாதவர். விருந்துவரை காத்திருக்காமல் அங்கேயே பெஞ்சின் மேல் ஏறி, கொங் லிங்கம் என்ற பேரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், இன்றுமுதல் இவர் டபுள் பேட்டரி லிங்கம் என்றும் அறிவித்து, மஞ்சள் வயிற்றோடு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். கௌஸ் தன் பன்னிரண்டு லோடருக்கும் இதே மாதிரி சுவிட்ச் வைத்துத் தரவேண்டும் என்று கேட்டான். கனகலிங்கம் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து, சரிபார்த்தவர் கையெழுத்தைச் சுட்டிக்காட்டி, எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் விளக்கினார். அவர் வாழ்க்கையில் அப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்ற நாள் வேறில்லை.

நசீமா தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாய் மனசில் இருந்ததைக் கேட்டாள்.

“போன வருஷமும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன் அங்கிள். மரத்துக்குப் பின்னாடி உக்காந்ததும் முதல் வேலையா அந்தப் பழைய சுவிட்சை நீங்களே ஆஃப் பண்ணிடறீங்களே, அது எதுக்கு?”